விசில் இல்லாத பாட்டு

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகத் துவரம்பருப்பு வேகாமல் தட்டில் உருண்டபோது, பெங்களூர் ஜோகுபாளையம் லைன் வீட்டுக்காரர்களுக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

பருப்புக் கடைக்காரர் அல்ல. குக்கரும் அல்ல. நான்காம் வீட்டு நாராயணசாமி.

நாராயணசாமி பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மின்னணு இசைக் கலைஞர். இந்த இரண்டாவது பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். சிவாஜிநகரில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் ஒருவரிடமிருந்து பழைய சின்தசைசர் ஒன்று வாங்கியிருந்தார். அதோடு இன்னொரு கருவியும் வந்தது. எந்தச் சத்தத்தைக் காட்டினாலும் அது விழுங்கிக்கொள்ளும். கட்டையை அழுத்தினால் திருப்பிக் கக்கும்.

அதன்பிறகு அந்த வீட்டில் சத்தம் போடும் எந்தப் பொருளும் தப்பவில்லை. குழாய் சொட்டுவது, கரண்டி விழுவது, மனைவி காந்தா பெருமூச்சு விடுவது எல்லாம் உள்ளே போயின. எல்லாவற்றிலும் அவர் மனத்தைக் கொள்ளைகொண்டது குக்கர் விசில். அதைப் பிடித்து, கீழே 'டும் டக் டும் டக்' என்று தாளம் கொடுத்து, இருபது நிமிஷப் பாட்டாக்கி ஸ்பீக்கரில் விட்டார்.

ஐந்து வீடுகளுக்கும் பொதுச் சுவர். ஐந்து வீட்டிலும் சமையல் நடப்பது கண்ணால் அல்ல, காதால். குக்கரை ஏற்றிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். சோற்றுக்கு மூன்று விசில், பருப்புக்கு நான்கு, கறிக்கு ஏழு. நாராயணசாமியின் பாட்டில் எட்டு விநாடிக்கு ஒரு விசில் வந்தது. உலகத்திலேயே அதிவேகமாகச் சமையல் முடிகிற லைனாக அது மாறியது. சாப்பிடத்தான் முடியவில்லை.

முதல் வீட்டு எத்திராஜ் ஒரு வெல்டர். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டி ஒன்றும் ஆகாத மனிதருக்கு, வீட்டுச் சாம்பாரைக் கடித்ததில் கடைவாய்ப் பல் பெயர்ந்துவிட்டது. நேராக நான்காம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, நீங்க பாட்டு போடுங்க, வேணாங்கல. ஆனா எங்க ஊட்டு அடுப்பை உங்க கையில குடுக்கல."

நாராயணசாமிக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிரவே விசிலின் சுருதியைக் கீழே இறக்கினார். இனி எந்தக் குக்கரோடும் அது ஒட்டாது என்று நம்பினார். அது பக்கத்து வீட்டு பிரிஜெட்டின் இருபது வருஷக் குக்கரோடு அப்படியே ஒட்டியது. மறுநாள் பார்த்து பிரிஜெட் வீட்டில் பங்குச் சாமியாருக்கு விருந்து. சாமியார் ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டவர், விருந்து முடிந்து, ஜெபம் முடிந்து, பஸ் ஏறும்வரை அதே துண்டை மென்றுகொண்டிருந்தாராம். பஸ் ஜன்னலில் அவர் தாடை அசைவதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக பிரிஜெட் சத்தியம் செய்தாள்.

சரி, யாருக்கும் கேட்கவே வேண்டாம் என்று ஹெட்ஃபோன் வாங்கினார் நாராயணசாமி. லைன் முழுக்க நிம்மதி. ஆனால் அடுத்த நாளே காந்தா, கொத்தமல்லி வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது, நாலு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காந்தா திரும்பி வந்தபோது குக்கரில் தண்ணீர் வற்றி, வால்வு தெறித்து, பருப்பெல்லாம் கூரையில் ஒட்டியிருந்தது. கர்நாடக மாநிலப் படம் போல, பீதர் முதல் சாமராஜநகர் வரை ஒரு ஜில்லா விடாமல் இருந்தது. காந்தா அதை அண்ணாந்து பார்த்தாள். கத்தவில்லை. நாராயணசாமி ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ஏங்க, இது பாட்டுன்னு உங்களைத் தவிர ஒரே ஒரு ஆள் சொல்லட்டும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லட்டும். அப்புறம் நான் வாயே தொறக்கல. இல்லைன்னா திங்கக்கிழமை காலையில சிவாஜிநகர்க்காரர் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கினு போவாரு. போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

ஒரே ஒரு ஆள். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து பெங்களூரில் ஐம்பது லட்சம் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் கிடைக்க மாட்டாரா?

கிடைக்கவில்லை. ஆபீஸில் கேசட்டைப் போட்டதும் மானேஜர், ஃபேக்ஸ் வருகிறது பார், பேப்பர் வை என்றார். கேன்டீன்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ரிப்பேர் செய்கிற ஆள் ஒருவர் அத்திபெலேயில் இருப்பதாகச் சொன்னார். வியாழக்கிழமை நாராயணசாமி கிளி ஜோசியக்காரரைக்கூட விடவில்லை. கிளி கூண்டுக்குள் போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காந்தாவின் தம்பி ரவி வந்தான். அவன் ஒரு நவீன நடனக் குழுவில் லைட் போடுகிறவன். குழுத் தலைவி மமதா புது நடனத்துக்கு இதுவரை யாரும் கேட்டிராத சங்கீதம் தேடுகிறாள் என்றும், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை அழைத்து வருவதாகவும் சொன்னான். நாராயணசாமி அவனை அப்படியே கட்டிக்கொண்டார்.

"ஒண்ணு மாமா," என்றான் ரவி, பிடியிலிருந்து விடுபட்டு. "அவங்க மூணு வருஷம் ஃபிரான்ஸ்ல இருந்தவங்க. சாப்பாட்டோட ஒயின் வெக்கணும். அது இல்லைன்னா நாம தண்ணி வெக்காத மாதிரி."

நாராயணசாமி நாற்பத்தெட்டு வயதுவரை இருமல் மருந்துக்கு மேல் எதையும் குடித்தவர் அல்ல. சனிக்கிழமை தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு அல்சூரில் 'ஒயின்ஸ்' என்று மூன்றடி எழுத்தில் போர்டு மாட்டிய கடைக்குப் போய் ஒயின் கேட்டார். கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். பிராந்தி இருக்கிறது, ரம் இருக்கிறது, பதினைந்து வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஒயின் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஏழு 'ஒயின்ஸ்' ஏறி இறங்கி, எட்டாவது கடையில், தூசியைத் துடைத்தால் மட்டும் பாட்டில் என்று தெரிகிற ஒன்று கிடைத்தது. பாட்டிலின் வாயில் தக்கை அடைத்திருந்தது. தக்கையை எப்படி எடுப்பது என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டு விஷயத்தில் அவர் எந்த அபாயத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஞாயிறு மதியம் ஐந்து வீட்டிலும் குக்கர் ஏறும் நேரம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து, விசில், சொட்டு, கரண்டி எதுவுமே இல்லாமல், வெறும் 'டும் டக்'கும் மிஷின் நாதமுமாகப் புதுப் பாட்டு ஒன்று செய்தார். கேசட்டின் மேல் சிவப்பு மசியில் 'விசில் இல்லாதது' என்று எழுதி, பழைய கேசட்டின் பக்கத்திலேயே வைத்தார். காலையில் வீடு வீடாகப் போய், இன்று என் பாட்டில் விசில் கிடையாது, இது சத்தியம் என்று சொல்லிவிட்டு வந்தார். எத்திராஜ் மட்டும் பல் போன பக்கத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அதை நாராயணசாமி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

காந்தா கோழிக்குழம்பும் தேங்காய்ப்பால் சோறும் மிளகு ரசமும் செய்வதாக ஒப்புக்கொண்டாள். பாட்டு எப்படியோ போகட்டும், தன் சமையலை ஒருத்தி குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பது அவள் கட்சி.

பன்னிரண்டு மணிக்கு மமதா வந்தாள். ரவி அவளை விட்டுவிட்டு ஒத்திகைக்கு ஓடினான். மமதா ஹாலில் நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள்.

"நான் கேக்கும்போது, செஞ்சவங்க முகம் என் எதிர்ல இருக்கக் கூடாது ஸார். தப்பா நெனைக்காதீங்க."

நாராயணசாமி கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தினார். 'டும் டக் டும் டக்' என்று ஆரம்பித்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிஷம். அதற்குள் ஒயினைத் திறந்தாக வேண்டும்.

முதலில் கத்தியால் குத்தினார். தக்கை தூளாக உதிர்ந்தது. ஹாலில் ஓடும் பாட்டே உள்ளே கேட்காதபடி மிளகு இடித்துக்கொண்டிருந்த காந்தா, கையை நிறுத்தாமலே, இந்த வீட்டில் அம்மி குழவியைத் தவிர மற்றதையெல்லாம் நாசம் பண்ணியாயிற்று என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள். பிறகு சுவரிலிருந்த ஓர் ஆணியைப் பிடுங்கி, தக்கையில் அடித்து, இடுக்கியால் இழுத்தார். ஆணி வந்தது. ஆணியோடு அவரும் வந்து பாத்திர அடுக்கின் மேல் விழுந்தார். ஒரு டம்ளர் கீழே விழுந்து, சமையலறை முழுக்க உருண்டு உருண்டு, யோசித்து யோசித்து, கடைசியில் நின்றது.

"வெளிய கேக்கப் போவுது," என்றாள் காந்தா, குரலை அடக்கி.

"பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

குக்கர் ஒரு விசில் விட்டது. நாராயணசாமி துள்ளினார். பிறகு, இது நிஜ விசில், யாருக்கும் பிரச்சினை இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டு, மத்தின் காம்பைத் தக்கை மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். 'ப்ளக்' என்று தக்கை உள்ளே போனது. உள்ளே இருந்த ஒயின் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டை, காந்தாவின் கன்னம், சுவரில் மாட்டிய காலண்டர், எல்லாம் கருஞ்சிவப்பு.

காந்தா ஒரு பெருமூச்சு விட்டாள். பெரியது. இரண்டாவது விசில் அடித்தது.

மிச்ச ஒயினில் தக்கைத் துகள் மிதந்ததால் காப்பி ஃபில்டரில் ஊற்றினார். அது காப்பியைவிட மெதுவாக, ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு என்று இறங்கியது. மூன்றாவது விசில் அடித்தது. காந்தா அடுப்பை அணைத்தாள். இருவரும் அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைக்கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

எவர்சில்வர் டம்ளரில் ஒயினோடு அவர் ஹாலுக்கு வந்தபோது, மமதா அழுதுகொண்டிருந்தாள்.

"தும்ப சென்னாகிதே ஸார்," என்றாள். பிறகு தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு ஸார். மொதல்ல அந்த டும் டும் வந்தப்போ, எழுந்து போயிடலாமான்னுதான் நெனச்சேன். அப்புறம் வருது பாருங்க, விசில். அடுத்தது எப்ப வரும்னு தெரியாம மூச்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பின்னால ஒரு பொம்பளையோட பெருமூச்சு. முடிவுல அந்தச் சொட்டு. ஒரு முழு வாழ்க்கையே இருக்கு ஸார் அதுல."

நாராயணசாமிக்கு விளங்கிவிட்டது. விசில். பெருமூச்சு. சொட்டு. அவசரத்தில் பழைய கேசட்டைப் போட்டுத் தொலைத்திருக்கிறோம். ஐந்து வீட்டிலும் இந்நேரம் வேகாத சோறு. ஆனால் அவர் வாய், அவரைக் கேட்காமலே, "ஆமாங்க, அந்த இடத்துக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்," என்றது.

"இது சங்கீதம்," என்றாள் மமதா.

சமையலறைக் கதவருகே கன்னத்தில் ஒயினோடு நின்ற காந்தா அதைக் கேட்டாள்.

சாப்பாடு ராஜ விருந்தாக நடந்தது. மமதா ஒயினை ஒரு வாய் குடித்து, முகம் கோணாமல் ஓரமாக வைத்துவிட்டு, ரசத்தை நான்கு டம்ளர் குடித்தாள். மார்ச் மாதம் நடனம், இருபது நிமிஷமும் இதே பாட்டு, ஒரு சத்தம்கூட மாற்றக் கூடாது என்று சொன்னாள். காந்தா தன் கையாலேயே இன்னொரு கரண்டிக் குழம்பைப் புருஷன் தட்டில் ஊற்றினாள். கூரைப் பருப்பு சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"திங்கக்கிழமை வர வேணாம்னு சிவாஜிநகர்க்காரருக்குச் சொல்லிடறேன்," என்றாள் அவர் காதோரம். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா படிச்சவங்க அழுவறாங்க."

ஒன்றேகால் மணிக்கு மமதா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது, யாரும் தொடாமலே, ஹாலில் 'டும் டக் டும் டக்' என்று ஆரம்பித்தது.

மமதா முகத்தைச் சுளித்தாள். "பக்கத்துல மாவு மில் இருக்கா ஸார்? எப்படித்தான் இங்க உக்காந்து இவ்ளோ நுணுக்கமா வேலை செய்றீங்களோ."

நாராயணசாமி உள்ளே ஓடினார். டேப்ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் அவர் கையெழுத்தே: 'விசில் இல்லாதது'.

ஒன்றும் புரியாமல் வாசலுக்கு வந்தபோது, முதல் வீட்டிலிருந்து எத்திராஜ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இன்னிக்கு எங்க ஊட்ல மட்டன், அதான் நீங்க பாட்டு ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துலயே உங்க ஊட்டு ஃபியூஸைப் புடுங்கி ஜோபியில போட்டுக்கினேன். கறி வெந்து, துன்னு முடிச்சு, இப்பத்தான் மாட்டிட்டு வரேன்."