மாமனார் பக்கம் சாய்ந்த கார்

பழைய கார் வாங்கியவனுக்குத் தன் வண்டிச் சத்தம் மட்டும் காதில் விழாது. என் காரின் முன்பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘கடக் கடக்’ என்றது. ரோடு சரியில்லை என்றேன். பிரேக் போட்டால் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பிரேக் அவ்வளவு அருமை என்றேன். (மனைவி அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள்.)

கல்யாணமான புதிது. மார்க்கையன்கோட்டையிலிருந்து மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, ஆண்டிபட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினோம். மாமனார் ஆகிருதியான மனிதர். முன்சீட்டில் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். தேனி தாண்டியதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து ஓடுவதைக் கவனித்தேன். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஓரங்கட்டி நிறுத்தி, உலகத்து மரியாதையையெல்லாம் குரலில் சேர்த்து, “மாமா, எனக்கு நேர் பின்னாடி உக்காந்தீகன்னா வண்டிக்குக் கொஞ்சம் நல்லது” என்றேன்.

அவர் இறங்கிப் பின்னால் போனார். மனைவி முன்னால் வந்தாள். வண்டி நேராகிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. (தோன்றாமல் இருக்குமா?)

கறி விருந்தென்றால் மூன்று தடவை சோறு வாங்குகிற மனிதர் அவர். அன்றைக்கு இரண்டாவது தடவையே இலையைக் கையால் மறைத்து, “போதும்ப்பா” என்றுவிட்டார். கை கழுவும் இடத்தில் மனைவி என்னைப் பிடித்தாள்.

“அப்பாவ ஏன் அப்பிடிச் சொன்னீக? ‘வண்டி தாங்காது தாயி’ன்னு அரை வயித்தோட எந்திரிச்சிட்டாக.” அவள் கண் கலங்கியிருந்தது. பெண்ணைக் கொடுத்தவரைப் பந்தியில் பட்டினி போட்டுவிட்டேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எல்லோரும் இறங்கினோம். கிளாஸோடு திரும்பிப் பார்த்தால், சமதளத்தில் நிற்கிற காலிக் கார் அதே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மாமனாரும் பார்த்தார். கிட்டே போய் முன்பக்க இடது மூலையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. ஷாக் அப்சர்பரிலிருந்து எண்ணெய் வழிந்து அழுக்கேறிக் கிடந்தது.

“நான் இங்கன நிக்கிறேன் மாப்ள. அப்ப அங்கன உக்காந்திருக்கது யாரு?”

“மன்னிச்சிருங்க மாமா” என்றேன், நிமிராமலே. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கடைக்காரரிடம் நாலு புரோட்டா சொன்னார். கடைசி வாய் வரைக்கும் நான்தான் சால்னா ஊற்றினேன். காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மாமனார் தேடிப் பிடித்து இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார்.

இப்போது வேறு கார். ஆனாலும் எந்த விருந்திலும் மூன்றாம் தடவை சோறு வரும்போது அவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, பந்தியே கேட்கும்படி என்னைக் கேட்பார்: “மாப்ள, ஸ்பிரிங் நல்லாருக்கா?”

“நல்லாருக்கு மாமா, நல்லாச் சாப்பிடுங்க” என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுப்பார்.