ஐ.பி. போடத் தாம்பாளத்தோடு போன கதை

பெரிய காஞ்சிபுரம்,
20-8-68.

செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து கோர்ட்டு வராந்தாவையே ஆட்டிவைக்கும் மச்சான் வரதராஜன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரேணுகாம்பாளின் புருஷனும் பதினொரு வாடகை சைக்கிளுக்குச் சொந்தக்காரனுமான தர்மன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை. வயிற்றில் பதினாலு தையல் போட்டவன் அப்படி எழுதலாமோ என்னமோ, தையல் பிரித்தாயிற்று, ரசம் சாதம் இறங்குகிறது, ஆகையால் எழுதிவிட்டேன்.

ஐ.பி. என்கிற திவால் மனு ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கோபமாகக் கேட்டிருந்தீர்கள். விஷயம் என்னவென்றால், தாங்கள் அனுப்பிய காகிதத்தில் கடன் கொடுத்தவர் பேர், தகப்பனார் பேர், கதவு நம்பர் எல்லாம் கேட்டிருந்தது. பட்டணத்தில் என் வயிற்றுப்புண்ணை அறுத்த வகையில் பட்டுக்கடைப் பூவராகவனுக்கு அறுநூறு, தாமல் கண்ணாயிரத்துக்கு முந்நூற்றைம்பது, நர்ஸ் லில்லியம்மாவுக்குத் தொண்ணூறு, தங்களுக்கு நூற்றிருபது. மனு போட்டால் கோர்ட்டு என் சைக்கிள்களை ஏலம்விட்டு இவர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு என்னை விட்டுவிடும் என்றீர்கள். கடன் போய்விடும், சரி. சைக்கிளும் போனால் சோற்றுக்கு என்ன செய்வேன் என்ற நடுக்கத்திலேயே பேனாவைத் திறந்தேன். தங்கள் தங்கை பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "சாவக் கெடந்தப்போ கையில காசு குடுத்தவங்க. அவங்களுக்குக் கோர்ட்டு ஆளு வந்து சொல்லணுமா? நாமளே நேர்ல போயி சொல்லுவோம், கெளம்பு."

அவள் நல்லதோ கெட்டதோ, வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறமாட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்துவிட்டாள். பின்னால் தாம்பாளத்தோடு அவள், முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான், தாமல் வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். கண்ணாயிரம் எங்களைப் பார்த்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் யோசித்தார். "ஆடி மாசத்துல யாருபா பத்திரிகை வெப்பாங்க? உம் பொண்ணுக்கு ஒம்போது வயசுதானே ஆவுது?" நான் ஐ.பி. என்றேன். மனுஷன் தாம்பாளத்தைக் கீழேயும் வைக்கவில்லை, திருப்பியும் தரவில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தார். "கைநீட்டி வாங்கிக்கினேனே, இப்ப மாட்டேன்னா ஊரு சிரிக்கும். கோர்ட்டு காயிதத்துலயும் எம்பேரு ஏறக்கூடாது. ஒண்ணு பண்ணு, அந்த முந்நூத்தம்பதை மொய்னு எழுதிக்க." என்ன விசேஷத்துக்கு மொய் என்று கேட்டேன். "நீ பொயச்சி வந்துக்கீறியே, அத்த வுட இன்னா விசேஷம்?" என்றார். மச்சான், எருமையை விற்றுக் கடன் கொடுத்த மனுஷன் அவர். நான் அங்கேயே நின்று அழுதேன்.

லில்லியம்மா வீட்டில் அந்தம்மா, "தாமல்காரரு மொய் எழுதுவாரு, நான் மட்டும் கடன் குடுத்தவளா?" என்று சண்டைக்கே வந்துவிட்டது. எனக்குப் போட்ட ஊசிக்கூலி பத்தையும் சேர்த்து நூறாக எழுதவைத்தது. பூவராகவனிடம்தான் எனக்குப் பயம், காப்பிக்குக் கணக்கு எழுதுகிற ஆள். அவர் தங்கள் தங்கை கொண்டுபோயிருந்த மொய் நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடி மாட்டி முதல் இரண்டு வரியையும் படித்தார். எருமைக்காரரும் ஊசி போடுகிறவரும் எழுதிய நோட்டில் பட்டுக்கடைக்காரர் எழுதாமல் போவதா என்று அறுநூற்றையும் தன் கையாலேயே எழுதிவிட்டார். இப்பேர்ப்பட்ட ஜனங்களையா நான் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்த்தேன் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. தங்கள் தங்கையை நினைத்தாலோ ஒரே பெருமை. அன்றைக்கு ராத்திரி சோறு போடுகிறபோதுகூட ஒன்றும் நடக்காததுபோல, "மோரு ஊத்தட்டா?" என்றுதான் கேட்டாள்.

இப்போது எனக்கு இருக்கும் கடன் தங்கள் நூற்றிருபது மட்டுமே. ஐந்நூறுக்குக் குறைந்தால் மனுவை வாங்கவே மாட்டார்கள் என்று சொன்னது தாங்கள்தான். ஆகவே ஐ.பி. இல்லை, பதினொரு சைக்கிளும் பத்திரம். மனுக் காகிதத்தில் குழந்தை கப்பல் செய்துவிட்டது, மன்னிக்கவும். தங்கள் குடும்பத்துக்குக் காமாட்சியம்மன் குறையொன்றும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தர்மன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மூன்று தாம்பாளம் வந்துவிட்டது. கண்ணாயிரம் மகளுக்கு இந்த ஆவணியிலேயே கல்யாணம், பூவராகவன் பேரனுக்கு ஐப்பசியில் காதுகுத்து, லில்லியம்மா தம்பிக்குத் தையில் கல்யாணம். வைத்த மொய்யை மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி வைக்காவிட்டால் காஞ்சிபுரத்தில் நடமாட முடியுமா? கடனென்றால் ஐ.பி. போடலாம், மொய்க்கு எந்தக் கோர்ட்டில் போடுவது? ஆவணிக்காக நாலு சைக்கிளை விற்க விலை பேசிவிட்டேன். இதெல்லாம் தெரிந்துதான் தாம்பாளம் எடுத்தாயா என்று ரேணுவைக் கேட்டேன். "ஐ.பி. போட்டிருந்தா அந்த மூணு வாசலயும் தலையக் குனிஞ்சிக்கினு தாண்டணும். இப்ப மூணு வூட்லயும் மொத பந்தில உக்காந்து சாப்புடலாம்" என்றாள். மச்சான், தை முடியும்வரை தங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் வைக்காமல் இருக்கும்படி காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.