லிஃப்ட்காரர் பழுது பார்த்த கம்ப்யூட்டர்

மகளின் கம்ப்யூட்டரைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடுவது என்று லிஃப்ட்காரர் தீர்மானித்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது. அதனால் அந்த மகத்தான தீர்மானம் அவ்வளவு கம்பீரமாக வெளியே வரவில்லை.

“கொளுத்துலேன்” என்றார் மனைவியிடம்.

“துப்பிட்டுச் சொல்லுங்க.”

துப்பினார். “குடுத்துடறேன்னேன். பாப்பாவோட கம்ப்யூட்டரை. டாக்டர் கிளினிக்ல டோக்கன் நம்பர் காட்ட ஒண்ணு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார். நீயும் தினம் அது முன்னாடி போய் உக்காந்து கண்ணைக் கசக்கறே. அது போனாத்தான் இந்த வீடு உருப்படும். நான் முடிவு பண்ணிட்டேன்.”

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “சரிங்க” என்றாள்.

அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் முடிவு பண்ணிய எதற்கும் அவள் ஒரே சொல்லில் சம்மதித்தது கிடையாது. ஆனால் அவருக்கு அன்றைக்கு வெற்றி மயக்கம்.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பெண். போன மழைக்காலத்தில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் தொழில். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைப் பேசிச் சமாதானப்படுத்தி, கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கிவிடுகிறவர். அவர் கை வைத்து ஓடாத மெஷின் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள், “இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்றபோது அந்த வாக்கியமே அவருக்குப் புரியவில்லை. பண்ண முடியாதென்றால் என்ன அர்த்தம்? சரியாகக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டு, அங்கிருந்தவர்களைத் தலைகுனிய வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மகளின் அறைக்குள் போகவில்லை. அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் நடையில் ஒரு வேகம் வரும். மனைவி, “பாப்பா ஒரு தடவை...” என்று ஆரம்பித்தால் போதும், எங்கேயோ ஒரு லிஃப்ட் கெட்டுப்போயிருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஊர் லிஃப்ட்டுகள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு சிறப்பாக ஓடியதில்லை.

இப்போது கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காக உள்ளே போனார். கட்டிலைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்க்கவில்லை. குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல நேராக மேஜைக்குப் போய் ஸ்விட்சைத் தட்டினார்.

திரை கறுத்தது. மேலே நாலு வெள்ளை வரி ஓடியது. அப்புறம் ‘பாஸ்வேர்ட்’ என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது. படம் இல்லை, பொத்தான் இல்லை, ஒன்றுமில்லை.

“ஏய், என்னடி இது? படத்தையே காணோம்!”

மனைவி கைகளை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். “ஐயையோ. என்னாச்சுங்க?”

“இது அந்த லினக்ஸ் பண்ற வேலை. நல்லா இருந்த விண்டோஸை எடுத்துட்டு இதைப் போட்டா பாரு. அன்னிக்கே கேட்டேன். ‘ஜன்னலைக் கழட்டிட்டேம்ப்பா, இனிமே காத்து நல்லா வரும்’னா.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மகள் பேசியதை அவர் வாய் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

மனைவி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “அப்ப டாக்டருக்கு எப்படிக் குடுக்கறது?”

“ஓடாத மெஷினை என் கையால குடுப்பேனா? சரி பண்ணித்தான் குடுப்பேன். பாஸ்வேர்ட் என்ன? உனக்குத் தெரியுமா?”

“அப்பாவுக்குத்தெரியாது.”

“எனக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரியும். உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்.”

“தெரியும்.”

“என்ன?”

“அப்பாவுக்குத்தெரியாது.”

“அடியே, அதனாலதானே உன்னைக் கேக்கறேன்!”

“அதாங்க பாஸ்வேர்டே! ‘அப்பாவுக்குத்தெரியாது’. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம.”

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. மறுபடியும் ஓங்கித் தட்டினார். விழவில்லை. கீபோர்ட் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதிலும் விழவில்லை. கடைக்காரனைச் சட்டையைப் பிடித்து உலுக்கக் கிளம்பும்போதுதான் மனைவி சொன்னாள்.

“பாஸ்வேர்ட் அடிச்சா வெளியே தெரியாதோ என்னவோ. ரகசியம் இல்லையா? அடிச்சு முடிச்சிட்டு என்டரைத் தட்டிப் பாருங்களேன்.”

தட்டினார். உள்ளே விட்டது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கென்னங்க தெரியும்? சும்மா தோணிச்சு.”

அதன்பின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தேட ஆரம்பித்தார். படத்திரை வராமல் கஷ்டப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஒருவர் இதைச் செய் என்கிறார். இன்னொருவர் அதை மட்டும் செய்துவிடாதே என்கிறார். மூன்றாமவர் வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போய்விடுகிறார். எல்லாருடைய வைத்தியத்தையும் வரிசையாகச் செய்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மெஷின் சொன்ன பதில், அனுமதி மறுக்கப்பட்டது.

“என் வீடு. என் மேஜை. கரண்டு பில் கட்டறது நான். எனக்கு அனுமதி கிடையாதாம்!”

அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி தன்னையறியாமல், “முன்னாடி சூடோ போடலையா?” என்றாள்.

“சூடாவே போடு. சர்க்கரை மட்டும் கம்மியா.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி டீயோடு வந்தாள். எப்போதும் நின்றபடியே குடிக்கிறவர், அன்றைக்கு நாற்காலியிலேயே சாய்ந்து குடித்தார். அப்போதுதான் மகளின் கட்டில் கண்ணில் பட்டது. போர்வை மடித்திருந்தது. ஜன்னல் கம்பியில் தலைமுடி ரப்பர் ஒன்று மாட்டியிருந்தது. எழுந்து போக வேண்டும்போல இருந்தது. ஆனால் வேலை பாதியில் கிடக்கிறதே. பாதி வேலையில் எழுந்து போகிற ஆள் இல்லை அவர்.

அன்று மாலை போன் வந்தது, ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று. வாசலுக்குப் போய் நின்று, எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று காவலாளிக்குப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினால், அறையில் வெளிச்சம்! திரை நிறைய படம்!

“பார்றி!” என்று கத்தினார். “கடைசியா ஒண்ணு தட்டினேன் பாரு, அது இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு. மெஷின்னா கொஞ்சம் அவகாசம் குடுக்கணும். எந்த மெஷினும் எங்கிட்டேர்ந்து தப்ப முடியாது!”

“நீங்க யாரு!” என்றாள் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

அப்புறம்தான் அந்தப் படம் என்னவென்று பார்த்தார். அது அவர்தான். வேலை விட்டு வந்து, காக்கிச் சட்டையோடு நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். பெண் தினமும் அதைப் பார்த்துக்கொண்டா வேலை செய்தாள்? சட்டென்று மெஷினை அணைத்தார். “காலையில டாக்டரை வரச் சொல்லு” என்றார்.

காலையில் பல் டாக்டர் கம்பவுண்டரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்ட்காரர் குளித்து, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு, திரைச்சீலை விலக்கும் மந்திரியைப்போல ஸ்விட்சைத் தட்டினார்.

கறுப்பு. நாலு வரி. சிமிட்டுகிற கோடு.

“நேத்து ஓடிச்சு சார். சத்தியமா ஓடிச்சு.”

பல் டாக்டர் குனிந்து, திரையை வாயைத் திறக்கச் சொல்கிறவர்போலப் பார்த்தார். “உள்ள வேர் வரைக்கும் போயிருக்கும் சார். இதையெல்லாம் நோண்டிக்கிட்டு இருக்கக் கூடாது. உள்ளே இருக்கறதை மொத்தமா அழிச்சுடுங்க. புதுசாப் போட்டுக்கலாம்.”

“அழிக்கறதா?”

“ஆமா. என்ன இருக்கப் போகுது உள்ளே?”

“என்ன இருக்கப் போகுதா? என் பொண்ணு இருக்கா சார்!”

சொன்னவருக்கே அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பல் டாக்டர் நல்ல மனிதர். அவர் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதிலிருந்து லிஃப்ட்காரர் சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்தார். பையை வைத்ததும் நேராக அந்த அறைதான். தட்டுவார், திட்டுவார், டீ குடிப்பார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பாப்பாவிடம்தான் போய் நின்றது. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டிக்கு லிஃப்ட் வேஷம் போட்டுக்கொண்டு, மேடையில் இரண்டு கையையும் திறந்து திறந்து மூடியது. அவருடைய டெஸ்டரை எடுத்துக் காது குடைந்தது. சில நாள் படத்திரை வரும், அடுத்த நாள் போய்விடும். வந்த நாளிலும் அவர் பல் டாக்டருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அப்படி வந்த ஒரு நாளில், திரையில் ‘அப்பா கச்சேரி’ என்று ஒரு பெட்டி கண்ணில் பட்டது. திறந்தார். உள்ளே ஒலிப்பதிவுகள். ஒன்றின் பெயர் ‘லாரி மேடு ஏறுது’. இன்னொன்று ‘குக்கர் அஞ்சாவது விசில்’. கடைசியில் இருந்தது ‘அம்மா உதைச்சதும் நின்னது’.

மேடு ஏறுகிற லாரியைத் தட்டினார். குறட்டை. அவருடைய குறட்டைதான், சந்தேகமே இல்லை. உறுமி, திணறி, ஓரிடத்தில் மூச்சே நின்று, பிறகு வெடித்துக் கிளம்பியது. கூடவே பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாகப் பீறிட்டு, “ஐயோ அம்மா, இங்க வாயேன், செத்தேன்” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்றும் பண்ண முடியாது என்று சொன்ன நாளன்றுகூட அழாதவர், மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். மனைவி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். நடுவில் குக்கர் அஞ்சாவது விசில் வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது. அது இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் சொன்னார்: “இதை யாருக்கும் குடுக்கப் போறதில்லை. டாக்டருக்கு வேற வாங்கித் தரேன்.”

“சரிங்க.”

“ஆனா ஒண்ணு. இது மறுபடியும் கெட்டுப்போச்சுன்னா?”

“இனிமே கெடாது.”

“அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?”

“இனிமே கெடுக்க மாட்டேன்.”

லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மனைவி குனிந்து, பத்து விரலாலும் கீபோர்டில், அனுமதி வாங்குகிற ‘சூடோ’ என்ற சொல்லை முன்னால் போட்டு ஒரு வரி தட்டினாள். படம் போய்க் கறுப்பு வந்தது. இன்னொரு வரி தட்டினாள். கறுப்பு போய், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற அவரே வந்தார்.

“உனக்கு... யாரு சொல்லிக் குடுத்தா?”

“அவதான். கடைசியில அவளுக்கு விரல் மடங்கலை. ஆபீஸ் வேலையெல்லாம் அப்படியே நிக்குதேன்னு புலம்புவா. படுத்துக்கிட்டே சொல்லுவா, நான் தட்டுவேன். தப்பாத் தட்டினா அப்படிக் கோவம் வரும் அவளுக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“எப்பங்க சொல்றது? இந்த ரூமுக்குள்ள வாங்கன்னா வர மாட்டீங்க. ரிப்பேர்னா மட்டும்தான் வருவீங்க. எனக்கும் ஒத்தையா அழுது அழுது அலுத்துப்போச்சு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் இத்தனை வருஷத் தொழில் ரத்தத்தில் ஊறியிருக்கிறதல்லவா? கொஞ்ச நேரத்தில் லேசாக நிமிர்ந்தார்.

“போகட்டும். நீ கெடுத்தே. ஒத்துக்கறேன். ஆனா அத்தனை தடவையும் சரி பண்ணினது நான்தானே?”

“நீங்க வாசல்ல போன் பேசப் போவீங்க இல்ல,” என்றாள் மனைவி, “அப்பத்தாங்க அது சரியாகும்.”