சேவ் சாரும் குணாவின் மீசையும்

உலகத்தில் எந்தக் கதவையும் சும்மா திறக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் சேவ் சார்தான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த சேலையூர் போர்ஷனில் பாத்ரூம் கதவைக்கூடத் தள்ளி, நின்று, எட்டிப் பார்த்து, பக்கவாட்டில்தான் நுழைவார். உள்ளே குளித்துக்கொண்டிருப்பவன் கத்துவது தனிக்கதை.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கேம். வாள்வீரன், திருடன், வைத்தியன் என்று ஒரு கும்பலாகக் குகை குகையாகப் போய்ப் பூதங்களோடு சண்டை போடுகிற கேம். வாள்வீரனுக்கு எங்களோடு தங்கியிருந்த குணாவின் பெயரை வைத்தார், திருடனுக்கு என் பெயர். வைத்தியன் அவரேதான். கேமை ஆடும்போதும் சும்மா உட்கார மாட்டார். ஒரு காலை நாற்காலியில் மடக்கி, மறு காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து, தையல் மிஷின் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவருடைய உபதேசங்கள் ஓயாது. "கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணு, செத்தாலும் அங்கேருந்தே மறுபடி ஆடலாம். வைத்தியனை முன்னாடி விடாத, அவன் விழுந்தா எல்லாரும் விழுந்தோம். முன்னாடி நிக்கற தடியனைப் பாத்து ஏமாறாத, பின்னாடி நிக்கற மந்திரவாதியக் கவனி. ஊருக்குள்ள யாரப் பாத்தாலும் ரெண்டு தடவை பேசு. மொத தடவை மரியாதைக்குப் பேசுவான், ரெண்டாவது தடவைதான் விஷயத்தைச் சொல்லுவான்." டீக்கடையிலும் இதே பேச்சுதான். டீ எப்படி இருக்கிறது என்று என்னிடமே இரண்டு தடவை கேட்பார்.

குணா கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். நாவலூர் அபார்ட்மென்டுகளில் ஏசி மெக்கானிக். படப்பைப் பெண் தேவியைக் காதலித்தான். தேவியின் அப்பா ஒருவழியாக, "பையனை வரச் சொல்லு, பாக்கறேன்" என்று இறங்கி வந்திருந்தார். பிடிக்கவில்லை என்றால் சொந்தத்திலேயே வேறு மாப்பிள்ளை தயார். குணாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

போகவேண்டிய அன்று காலை, படபடப்பு தாங்காமல் குணா கேமில் உட்கார்ந்தான். பட்டறையிலிருந்து சேவ் சார் போன் பண்ணினார். "கிளம்பறதுக்கு முன்னாடி முழுசா சேவ் பண்ணிடு குணா. கொஞ்சம்கூட விட்டுடாத."

நான் பழம் வாங்கப் போயிருந்தேன். மூவரும் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்தபோது குணா வாயைக் கர்ச்சீப்பால் மூடியிருந்தான். கேட்டால் தூசு என்றான். படப்பையில் இறங்கியதும் சேவ் சார் எங்களை வரிசைப்படுத்தினார். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதால் நான் முன்னால், நடுவில் குணா, வைத்தியர் கடைசியில். தேவி வீட்டு வாசலில் குணா கர்ச்சீப்பை எடுத்தான்.

மீசை இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு மகன் மீசையை மழிப்பது அப்பா போனால்தான். தேவியின் அப்பா பதறி எழுந்து குணாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப தம்பி ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" சமையலறை வாசலில் நின்ற தேவியின் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து குணாவின் போன் அடித்தது. திரையில் கொட்டை எழுத்தில் 'அப்பா'.

அதைப் படித்த தேவியின் அப்பா கையை உதறினார். "உசுரோட இருக்கற அப்பனுக்கே மீசைய எடுத்தவன், எம்பொண்ண என்னா கதி பண்ணுவான்?"

"சார்தான் சேவ் பண்ண சொன்னாரு," என்று குணா அழாத குறையாகச் சொன்னான். "கொஞ்சம்கூட வுடாதன்னாரு."

"டேய், நான் சொன்னது கேமைடா."

தேவியின் அப்பா வாசலைக் காட்டினார். அப்போதுதான் கடைசியில் நின்ற சேவ் சார் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தப்பு தன்னுடையது என்றார். குகை, கதவு, பூதம் எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நிற்காமல் விளக்கினார். தேவியின் அப்பா வாசலைக் காட்டிய கையை இறக்கவில்லை. சேவ் சார் அவரை அப்படியே விட்டுவிட்டு அத்தையிடம் திரும்பினார்.

"பையன் எப்படிம்மா?"

"எனக்கு என்னாங்க தெரியும், என் தம்பி சொல்றதுதான்."

சேவ் சார் நகரவில்லை. "பையன் எப்படிம்மா?"

அத்தை குணாவின் மொழுமொழு முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட இருக்கறவர் சொன்னாருன்னு மீசையவே எடுத்துட்டான். நாளைக்கு நம்ம தேவி சொன்னா கேக்க மாட்டானா?"

உள்ளே தேவி சிரித்துவிட்டாள். அவள் அப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மொதல்ல மீசை வளரட்டும்," என்றார்.

மீசை வளர்ந்தது, கல்யாணமும் நடந்தது. குணா படப்பைக்கே குடிபோய்விட்டான். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது சேவ் சார் கேம் ஆடிக்கொண்டிருந்தார். கால் தரையைத் தட்டவில்லை. வாள்வீரன் குணா பின்வரிசையில் பத்திரமாக நின்றிருந்தான்.

"என்ன சார், அவனைப் பின்னாடி வச்சுட்டீங்க?"

"இடம் மாத்தினேன், அவ்வளவுதான்."

கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி கேட்டேன்.

"புதுசா கல்யாணம் ஆனவன்டா. அடி படக் கூடாது."

குகைக் கதவுக்கு முன்னால், கையில் ஒரு தடிகூட இல்லாமல் வைத்தியர் நின்றுகொண்டிருந்தார்.