முந்தானைக்கு வந்த மெயில்

பெட்டி மறுபடியும் வந்து நின்றது.

சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். இடது ஓரத்தில் சிவப்பு வட்டம், அதற்குள் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே 'ஓகே' என்று ஒரு பட்டன். ரேணுகாம்பாள் மௌஸை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மரியாதையாக, மெதுவாக அழுத்திப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் நின்றிருந்த கொழுந்தன் ராமராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தான்.

"'இந்த ஃபைலைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கள்.' இதான் அண்ணி போட்டிருக்குது."

"அட்மினிஸ்ட்ரேட்டர்னா யாரு?"

"கம்ப்யூட்டர் யாரோடதோ அவரு. அண்ணன்தான்."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். மாலை போட்ட படத்தில் கோதண்டபாணி சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியிலிருந்து எழுந்த கையோடு எடுத்த படம். அனுமதி கேட்டால் உடனே கொடுத்துவிடுகிற முகம்தான். கேட்பதில்தான் சிக்கல்.

அவருடைய பட்டுப்புடவைக் கடை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், இரண்டு பெரிய ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒல்லியாக நின்றது. கோதண்டபாணி போனபிறகு அதை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது ராமராஜனின் எண்ணம். கெட்ட எண்ணமில்லை. அண்ணி இந்த வயதில் தனியாக உட்கார்ந்து கஷ்டப்படுகிறாளே என்றுதான். அவன் பார்த்துவைத்திருந்த செல்போன் கடைக்காரர்கள் இன்று சாயந்திரம் இடம் பார்க்க வருகிறார்கள்.

"இந்த ஒரு ஆர்டரை நான் ஒழுங்கா முடிச்சிட்டா, அவங்களை டீ குடுத்து அனுப்பிடு. முடிக்கலன்னா சாவியைக் குடுத்துடறேன்" என்று ரேணுகாம்பாள் சொல்லியிருந்தாள்.

அந்த ஆர்டர், அவள் தானாகப் பிடித்த முதல் ஆர்டர். தேவிப்ரியா என்று ஒரு பெண், சென்னையில் கம்பெனி வேலை. மாப்பிள்ளை வசந்தும் அதே கம்பெனிதான். முகூர்த்தப் புடவையின் உடல் நெய்தாகிவிட்டது. முந்தானை மட்டும் பாக்கி. படம் இன்றைக்குத் தறிக்குப் போகவில்லையென்றால் தறி சும்மா நிற்கும், முகூர்த்தம் சும்மா நிற்காது.

தேவிப்ரியா மெயிலில் எழுதியிருந்தாள்: "ஆன்ட்டி, நாங்கள் இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தோமோ அதை முந்தானையில் போட வேண்டும். படம் அட்டாச்மென்ட்டில் இருக்கிறது. ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பார்ப்பவர்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. இன்று முழுக்க விமானத்தில் இருப்பேன், சாயந்திரம் பேசுகிறேன்."

"எழுத்து இருக்குதுன்னா ஏதோ போர்டு அண்ணி" என்றான் ராமராஜன். "வாலாஜாபாத் ரயில்வே ஸ்டேஷனா இருக்கும். மஞ்சப் பலகை. அங்கதான் சந்திச்சிருப்பாங்க."

"மெட்ராஸ்ல வேலை பாக்கறவங்க வாலாஜாபாத்துக்கு எதுக்குடா வந்து சந்திக்கறாங்க?"

"அதான் அண்ணி காதல்."

அப்போது தாவீது உள்ளே வந்தார். முந்தானைக்கு டிசைன் போடுகிறவர். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சரிகை, எந்தக் கட்டத்தில் பட்டு என்று வரைந்துவிடுவார். தன் தொழிலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. ஆங்கிலத்தைப் பற்றி அபிப்பிராயமே கிடையாது.

"டிசைன் வந்துச்சாம்மா?"

"ஸ்க்ரீன்ல இருக்குது பாரு தாவீது. காலையிலேர்ந்து இதான் வந்து நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

தாவீது திரையைத் தலைசாய்த்துப் பார்த்தார். போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். ராமராஜன் ஏற்கெனவே அந்தப் பெட்டியைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்ததால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சாயந்திரம் வரேம்மா" என்று அவர் போய்விட்டார்.

"இதுக்குத் தெரிஞ்ச ஆளு வந்தாத்தான் வேலை நடக்கும்" என்று சொல்லிவிட்டு ராமராஜன் எதிர்வரிசைக்குப் போய் ஆசிக் பாயைக் கூட்டிவந்தான். ஆசிக் பாய் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பிரிண்டர், கம்ப்யூட்டர், பாஸ்போர்ட் போட்டோ என்று மின்சாரத்தில் ஓடுகிற எதையும் பார்ப்பார். டாக்டர் மாதிரி, வந்ததும் விசாரணைதான்.

"அக்கா, கடைசியா எதைத் தொட்டீங்க?"

"ஓகேவை."

"ஓகே பண்ணக் கூடாதுக்கா. எவ்ளோ பேருக்குச் சொல்லிக்கினு இருக்கேன்."

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தார். 'பெர்மிஷன்' என்ற சொல்லைக் கண்டதும் முகம் தெளிந்துவிட்டது. "இது ரொம்ப சாதாரணம்" என்று சொல்லி, எதையெதையோ திறந்து, ஒரு நீளமான பட்டியலில் வரிசையாக டிக் அடித்தார். "எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்துட்டேன். இப்பத் திறங்க."

திறந்தாள். அதே பெட்டி.

"சரி, வேற ஏதாச்சும் ஃபைல் திறங்க, பாக்கலாம்."

பழைய பில்லைத் திறந்தாள். ஒரு பெட்டி வந்தது. விலைப்பட்டியலைத் திறந்தாள். பெட்டி. குடும்பப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தாள். அதற்கும் பெட்டி. ஆனால் இந்தப் புதுப் பெட்டிகள் கொஞ்சம் சின்னதாக, வேறு மாதிரி இருந்தன. ஓகேயை அழுத்தினால் உடனே மறைந்தன.

"பாத்தீங்களா, மறையுது. முன்னேற்றம்" என்றார் ஆசிக் பாய்.

"என்ன பாய் முன்னேற்றம்? முன்னாடி ஒரு ஃபைல் திறக்கல. இப்ப ஒண்ணுமே திறக்கல!" என்றான் ராமராஜன்.

ஆசிக் பாய் அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். "அனுமதிக்குப் பக்கத்துலயே மறுப்புக்கும் ஒரு வரிசை வெச்சிருக்கான் பேமானி" என்றார் மெதுவாக. "தப்பான வரிசையில டிக் விழுந்துட்டுது. ஒண்ணும் பயமில்லக்கா. அட்மினிஸ்ட்ரேட்டராவே உள்ள போயி எடுத்துடலாம். ஒரு தடவை அணைச்சுப் போடணும், அவ்ளோதான்."

ரேணுகாம்பாள் சட்டென்று கம்ப்யூட்டரின் மேல் கை வைத்தாள். அதை அவள் அணைத்ததே இல்லை. ராத்திரியில் தூங்கவைப்பாள், காலையில் எழுப்புவாள். கோதண்டபாணி கடைசியாகப் போட்டுவிட்டுப் போனது அப்படியே இருந்தது.

"வேற வழி இல்லையா பாய்?"

"இல்லக்கா."

கையை எடுத்தாள்.

திரை கறுத்து, திரும்ப வெளுத்தது. இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று 'கடை'. இன்னொன்று 'கோதண்டபாணி'. ஆசிக் பாய் இரண்டாவதை அழுத்தினார். அது பாஸ்வேர்டு கேட்டது.

"அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்ச சாமி பேரு போடுங்க" என்றான் ராமராஜன்.

காமாட்சி போட்டார்கள். இல்லை. ஏகாம்பரம் போட்டார்கள். இல்லை. வரதரையும் விடவில்லை.

"ரேணுகான்னு போடுங்க" என்றான் ராமராஜன், கொஞ்சம் கூச்சத்தோடு.

அதுவும் இல்லை. ரேணுகாம்பாள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். படம் சிரித்துக்கொண்டிருந்தது.

தப்பாகப் போட்டுப் போட்டு அலுத்ததாலோ என்னவோ, கம்ப்யூட்டர் தானே கீழே ஒரு குறிப்புக் கொடுத்தது. ஆசிக் பாய் குனிந்து படித்தார். "மறந்துபோனா ஞாபகம் வர்றதுக்கு பாணி அண்ணன் எழுதி வெச்சது. 'வீட்டுல கேளு'ன்னு இருக்குது."

"அவரு வீட்டுல என்ன கேப்பாரு?" என்றாள் ரேணுகாம்பாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. பதினோரு மணி ஆனா போன் வரும். ஹலோ கிடையாது, பேரு சொல்லி கூப்பிடறது கிடையாது. ஒரே வார்த்தை."

அவளே ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தாள்: காப்பி.

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளைப்போல ரேணுகாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு தானாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆசிக் பாய் தப்பான டிக்கையெல்லாம் எடுத்தார். பில் திறந்தது. விலைப்பட்டியல் திறந்தது. குடும்பப் படங்கள் திறந்தன. மகாபலிபுரத்தில் கோதண்டபாணி குடையோடு காற்றில் மல்லுக்கட்டுகிற படம் முதலில் வந்தது.

"இப்ப அந்த அட்டாச்மென்ட்டு" என்றார் ஆசிக் பாய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

சாம்பல் நீள்சதுரம். சிவப்பு வட்டம். அனுமதி இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கள்.

"அண்ணனே வந்து கேட்டாலும் கிடையாதாம்" என்றான் ராமராஜன்.

"கம்ப்யூட்டர்லதான் கோளாறு. உங்க போனுக்கு அனுப்பறேன், அதுல திறங்க" என்றார் ஆசிக் பாய்.

ராமராஜனின் போன் டிங்கென்றது. திறந்தான். அவன் உள்ளங்கையில் அதே பெட்டி, சின்னதாக, சிவப்பு வட்டத்தோடு.

"அய்யய்யோ!"

"வைரஸ்" என்றார் ஆசிக் பாய், குரலைத் தாழ்த்தி. "மெயில்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டர்லேர்ந்து போனுக்கு. கைமாறிக்கினே போவுது."

ராமராஜன் போனை வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். ஆசிக் பாய் தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பேண்ட் பைக்கு மாற்றிக்கொண்டார், தூரம் அதிகமாகட்டும் என்று.

"இனிமே ஒரே வழிதான்க்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஃபார்மட் போடணும். புதுசு மாதிரி ஆயிடும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாம்தான். வைரஸ் எதுல ஒளிஞ்சிக்கினு இருக்குதோ, யாரு கண்டா?"

ரேணுகாம்பாள் திரையைப் பார்த்தாள். குடையோடு மல்லுக்கட்டுகிற ஆளைப் பார்த்தாள்.

"வேணாம் பாய். ஆர்டர் போனாப் போவட்டும். இது இருக்கட்டும்."

"அண்ணி, அப்போ செல்போன் கடைக்காரங்க..."

"வரட்டும். சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆனா கம்ப்யூட்டர் என்னோட வீட்டுக்கு வரும். அதையும் சேத்து வாடகைக்கு விட்டுடாதே."

ராமராஜனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எல்லோருக்கும் டீ சொன்னான்.

டீ வருவதற்குள் தாவீது வந்துவிட்டார். கையில் சுருட்டிய பெரிய தாள். முகத்தில், நல்ல பண்டம் கொண்டுவருகிறவர்களுக்கு இருக்கும் வெளிச்சம்.

"முடிச்சிட்டேம்மா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு மயிலு, அன்னம்லாம் அலுத்துப்போச்சு. கட்டம்தான் பிடிக்குது. நல்ல டிசைனும்மா, சுத்தமா இருக்குது."

மேசைமேல் விரித்தார்.

கட்டம் போட்ட தாளில் முழ நீளத்துக்கு, சாம்பல் பட்டில் ஒரு நீள்சதுரம். அரக்குச் சிவப்பில் வட்டம். அதற்குள் பெருக்கல் குறி. ஆங்கில எழுத்துகள் கொடி ஓடுவதுபோல ஒரு பிசிறில்லாமல் இரண்டு வரி, கீழே ஓகே பட்டன். சுற்றிலும் அழகாக ஒரு கோபுரக் கரை.

ஆசிக் பாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் தாவீது! இது டிசைன் இல்லய்யா, கம்ப்யூட்டர் திட்டுறது!" என்று ராமராஜன் கத்தினான். "முந்தானையில 'அனுமதி இல்லை'ன்னு எழுதிக்கினு பொண்ணு மணவறைக்கு வந்தா மாப்பிள்ளை என்னய்யா நெனைப்பான்?"

"ஸ்க்ரீன்ல இருக்குது பாருன்னு அம்மாதானே சொன்னாங்க" என்றார் தாவீது, அடிபட்ட குரலில். "கோபுரம் மட்டும் நான் சேத்தது. வேணாம்னா எடுத்துடறேன்."

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. கோதண்டபாணி போனபிறகு இந்தக் கடையில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை. கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. தேவிப்ரியா. வீடியோ கால்.

"எடுக்காதீங்க அண்ணி! நெட் இல்லைன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"போடா. உங்கண்ணன் வாடிக்கைக்காரங்ககிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல" என்று எடுத்துவிட்டாள். "அம்மாடி தேவிப்ரியா, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. உன்னோட படம்..."

அதற்குமேல் அவளைப் பேசவிடாமல், யார் தடுப்பதற்கும் முன்னால், தாவீது தன் தாளைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தார். தன் வேலைக்கு நியாயம் எங்கிருந்தாவது கிடைக்கட்டும் என்று.

அந்தப் பக்கம் தேவிப்ரியா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ராமராஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வசந்த்! ஓடி வா, இங்க பாரு!" என்று அவள் திரும்பிக் கத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் அனுப்பின படம் அப்படியே இருக்குது ஆன்ட்டி, ஒரு எழுத்துகூட மாறல! ஆபீஸ்ல என் கம்ப்யூட்டர்ல இந்தப் பெட்டி வந்து நின்னதாலதானே ரிப்பேர் பாக்க வசந்த் வந்தாரு... அந்த ஓகே பட்டனுக்கு மட்டும் கொஞ்சம் சரிகை கூடப் போடச் சொல்லுங்க."