கோமதி மாமியின் ஜன்னலில் நான்

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்டுத்தீயை அணைப்பது என் தொழில். அப்பேர்ப்பட்ட என்னை, ஆழ்வார்பேட்டையில் ஒரு முதல் மாடி ஜன்னலிலிருந்து தீயணைப்புத் துறை ஏணி போட்டு இறக்கியது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. (அம்மா சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் பாருங்கள்.)

அப்போது ஆஸ்திரேலியாவில் நான்கு கோடைகள் சீசன் ஆளாக வேலை பார்த்திருந்தேன். அங்கே மார்ச்சோடு கோடை முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நானும் ஊருக்கு வந்து, அடுத்த அழைப்பு வரும்வரை அம்மாவின் பார்வையில் படாமல் நடமாடுவேன்.

"தீயை அணைக்கறதுல என்னடீ சீசன்? மாம்பழமா?" என்பாள் அம்மா. கணக்கு டீச்சர். ஏப்ரலில் தீர்ந்துபோகும் வேலையை அவள் வேலையாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. உறவுக்காரர்களிடம், "ஃபாரின்ல ஏதோ ஃபாரஸ்ட்" என்று முடித்துக்கொள்வாள்.

அந்த வருடம் நிரந்தர வேலைக்குத் தேர்வு வந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் கயிற்றில் இறங்கிக் காட்ட வேண்டும். கை மறந்துவிடக்கூடாதே என்று, ஒரு வெள்ளிக்கிழமை காலை மொட்டைமாடித் தூணில் கயிற்றைக் கட்டினேன். வேலையில் முடியைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணிக்காவிட்டால் ஹெலிகாப்டர் பக்கமே விடமாட்டார்கள். இங்கேயோ எண்ணெய் தேய்த்துக் குளித்த முடியை நுனியில் மட்டும் முடிந்திருந்தேன். ஹெல்மெட்டும் இல்லை. மூன்று மாடி எனக்கெல்லாம் ஒரு உயரமா? (திமிர்.)

பாதி வழியில் குனிந்து கீழே பார்த்தேன். இடுப்பில் கயிறு ஓடும் இரும்புக் கருவி, கயிற்றோடு சேர்த்து என் முடியையும் இழுத்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. இடுப்பைக் கும்பிட்ட நிலையில், முதல் மாடி கோமதி மாமியின் சமையலறை ஜன்னலில் நின்றேன். மாமி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடீ அது?"

"வித்யா, மாமி. மேல் வீடு."

"ஜன்னல்ல என்ன பண்றே?"

"தொங்கறேன் மாமி."

"அது தெரியறது. காபி தரட்டுமா?"

"கை ஒழியலை மாமி."

மாமி அடுப்பை அணைத்தாள். பிறகு நிதானமாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது, பின்னாலேயே தெருவும் வந்தது. ஏணியில் ஏறி வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், சாவிய உள்ள வுட்டுட்டு கதவ சாத்திகினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து அம்மாவின் குரல், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல், எழுந்தது.

"சார்! அவளும் ஃபயர் சர்வீஸ்தான்! ஹெலிகாப்டர்லேர்ந்து குதிச்சு காட்டுத்தீயை அணைக்கறவ!"

நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை, அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கே சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்டியா?" என்றார் பெரியவர். "ஹெலிகாப்டர் எங்க கீது?"

அவர் என்னைத் தாங்கிக்கொள்ள, மாமி பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை ஜன்னல் கம்பி வழியே நீட்ட, ஒரு சாண் முடி போனது. நான் தரைக்கு வந்தேன்.

வண்டி உடனே கிளம்பவில்லை. தண்ணீரே இல்லாமல், செடிகொடியை வெட்டி மண்ணைச் சுரண்டி ஒரு பாதை போட்டே தீயை நிறுத்துவோம் என்று சொன்னேன். வண்டியில் வந்த நான்கு பேரும் மாமி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"மண்ணை வெட்டியேவா? செம மேடம்," என்ற பெரியவர், வண்டியில் ஏறியதும் விரலை நீட்டினார். "ஆனா தனியா எறங்காதே. கூட ஒரு ஆளு நிக்கணும். உனுக்குத் தெரியாததா?" சொல்லிவிட்டு ஒரு சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன். அம்மாவும் வைத்தாள்.

நேர்முகத் தேர்வில், "நீங்கள் செய்த பெரிய தவறு எது?" என்று கேட்டார்கள். மாமியின் காபி வரை எதையும் மறைக்காமல் சொன்னேன். கேள்வி கேட்ட மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலை நிரந்தரமானது. இன்று புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கயிறு கற்றுக்கொடுப்பவள் நான்தான்.

போன விடுமுறையில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மா யாருக்கோ இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில், கோமதி மாமியின் சமையலறை தீப்பிடித்து எரிய, நான் ஒற்றைக் கயிற்றில் இறங்கி அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மறுக்கலாம் என்று வாயெடுத்தேன்.

அம்மாவுக்குப் பக்கத்து இலையில் கோமதி மாமி. "குழந்தை மட்டும் வரலேன்னா அன்னிக்கு நான் இல்லை," என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்குக் கையை நீட்டினாள்.