வி ஃபார் விஷ்ணு

பெஹாலாவின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும்: வீரராகவன் தம் கணினியிலிருந்து விண்டோஸை நீக்கியதற்கு முன், நீக்கியதற்குப் பின். வங்காளத்தின் கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்து, பக்கத்துப் பெஹாலாவில் குடியேறிய கணக்கு அதிகாரியான அவர், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸைக் கண்ட நாள்முதல், அலுவலக நேரம் போக மீதி நேரத்தை மனிதகுலத்தின் விடுதலைக்கு ஒதுக்கியிருந்தார்.

"இது திறந்த மூலம், சுந்தரவல்லி. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம்."

"மெதுவாப் பேசுங்கோ. மூலம்னா டாக்டர்ட்ட காட்டிக்கணும். ஊருக்கெல்லாம் காட்டப்படாது" என்றாள் மனைவி.

அறியாமையை மன்னிப்பது புரட்சியாளரின் கடமை. மன்னித்தார்.

வெள்ளிக்கிழமை சென்னையில் மகள் சாதனாவுக்கு வளைகாப்பு. முழங்கால் வலியால் சுந்தரவல்லி போக முடியவில்லை. திரையிலாவது பார்த்துவிடத் தவித்தாள். அந்தத் தரைத்தள வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது குளியலறையில் மட்டும். பெண்ணின் வளைகாப்பை அங்கே நின்று பார்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே பிராட்பேண்டுக்குத் தொலைபேசியில் விண்ணப்பிக்கப்பட்டது.

"பெயர் வீரராகவன். வி ஃபார் விஷ்ணு."

"ஹ்யாங் சார். பி ஃபார் பிஷ்ணு" என்றது மறுமுனைப் பெண்குரல்.

"பி இல்லையம்மா. வி. விஷ்ணு."

"அதான் சார். பிஷ்ணு."

பெருமாளையே சாட்சிக்கு அழைத்தபின் பிழை நேர வழியில்லை என்று அவர் திருப்தியடைந்தார்.

பெயர் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். வங்காளிகளின் வாயில் 'வ' நுழைந்தால் 'ப'வாகத்தான் வெளியே வரும். எதிர் வீட்டு ஷர்மிஷ்டா, ஊருக்கே பௌதி, அதாவது அண்ணி, அவரைப் 'பீர்ராகபன் பாபு' என்று அன்போடு அழைப்பாள். காப்பியைத் தாண்டி எதையும் குடித்தறியாத வைஷ்ணவரைப் பீர் என்று அழைத்தால் திரும்புவாரா? 'வி' என்று திருத்திச் சொல்லும்வரை பதில் கிடையாது. சுந்தரவல்லியோ, முதலில் 'ஷுந்தரபல்லி'யாகி, பிறகு செல்லமாகப் 'பல்லி தி', அதாவது பல்லி அக்கா, ஆகி, கூப்பிட்ட குரலுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

லைன்மேன் பாபாய் வந்தார். விண்டோஸ் இல்லாத வீட்டுக்குள் இணையக் கம்பி ஜன்னல் வழியாகவே நுழைந்தது.

"யூசர்நேம் உங்க பேருதான், தாதா" என்றார், அண்ணன் முறை வைத்து. "எல்லாம் சின்ன எழுத்து. பாஸ்வேர்டு ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்."

வீரராகவன் 'வி'யில் தொடங்கிப் பெயரைத் தட்டினார். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது லினக்ஸ்.

பாபாய் திரையை உற்றுப் பார்த்தார். "ஸ்டார்ட் பட்டன் எங்கே, தாதா?"

"அடிமைகளுக்குத்தான் பட்டன் வேண்டும்."

"அப்போ ஹோபே நா. இதுல வராது" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

உடனே 'உயர்நிலைத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் வீரராகவன், உறுப்பினர் வீரராகவன், காப்பி உபயம் சுந்தரவல்லி. லினக்ஸ் அழிக்கப்பட்டது, மீண்டும் நிறுவப்பட்டது, வேறு ரகம் வரவழைக்கப்பட்டது. ஜாதவ்பூரில் இருந்த சக புரட்சியாளர் ஒருவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. இது பன்னாட்டுச் சதி என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. இணைப்பு மட்டும் வரவில்லை.

"பல்லி தி, எங்க வீட்டுக்கு வந்து பாரு. பெரிய திரை இருக்கு" என்று பௌதி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அவர்கள் விண்டோஸ் வைத்திருப்பவர்கள்" என்றார் வீரராகவன், தீட்டு சொல்வதுபோல.

"ஆமாம், அதான் அங்கே நன்னா காத்து வரது" என்றாள் சுந்தரவல்லி.

வெள்ளிக்கிழமை காலை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் கணினி எதிரே உட்கார்ந்தாள். 'அனுமதி மறுக்கப்பட்டது.' சென்னையில் மணையில் உட்கார வைக்கும் நேரம் நெருங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பௌதி ஆத்துக்குப் போறேன்."

"இன்னும் சித்த நேரம் பொறு. கொள்கை என்று ஒன்று..."

"ஏன்னா, இந்த ஊர்ல நான் பல்லி, நீங்க பீர். நெட் ஆபீஸ்காராளும் இந்த ஊர்க்காராதானே? வீரத்தை விட்டுட்டு ஒரு 'பி' போட்டுப் பாருங்கோளேன்."

கதவு சாத்தப்பட்டது. வீரராகவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். செய்யத் தகாததைச் செய்பவரைப்போலத் தம் பெயரில் 'வி' இருந்த இரண்டு இடத்திலும் 'பி'யைப் போட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. 'இணைக்கப்பட்டது' என்றது லினக்ஸ்.

வீடியோ அழைப்பில் சேர்ந்தார். திரையில் சாதனா, இரண்டு கையும் கொள்ளாத கண்ணாடி வளையல்களோடு. பக்கத்துக் கட்டத்தில் எதிர் வீட்டுக் கூடம். அங்கே பௌதி தன் கையிலிருந்த சிவப்பு வளையலைக் கழற்றி, சுந்தரவல்லியின் கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா பக்கத்துல நீங்க ஏன் இல்ல?" என்றாள் சாதனா.

பௌதி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பீர்ராகபன் பாபு, பாயெஷ் ஆறிடும். வாங்க."

அவர் வாயைத் திறந்தார். 'வி' நுனிநாக்கு வரை வந்தது.

"இதோ வந்தேன், பௌதி."

கட்டற்ற மென்பொருளைப் பெஹாலாவுக்குக் கொண்டுவந்த பெருமை அவரையே சேரும். பிஷ்ணு என்று கூப்பிட்டாலும் பெருமாள் இந்த ஊரில் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறார். பெயரைப் பிசகாமல் சொன்னால்தான் திறப்பேன் என்று இத்தனை வருஷம் அனுமதி மறுத்துவந்த இயந்திரம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதற்குத் துறைமுகத்தில் கணக்கு அதிகாரி வேலை.